கிளிப்பச்சைச் சேலையும் வெறும் ஃப்ளாஷும்

கோத்தகிரி கடைவீதியில் கருப்புசாமியின் ஸ்டூடியோவுக்குப் படம் எடுக்கப் போகிறவர்கள் முதலில் அவனுடைய புலம்பலைக் கேட்டாக வேண்டும். அதற்குப் பிறகுதான் பவுடர், சீப்பு, நாற்காலி எல்லாம். புலம்பல் முழுக்க அவனுடைய கேமராவைப் பற்றித்தான்.

மூட்டை முடிச்சோடு சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களா ஏலத்தில் எடுத்த கேமரா அது. பெட்டி மாதிரி இருக்கும். முன்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு கண். கழுத்தில் மாட்டி, வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேல்மூடியைத் திறந்து, தலையை நன்றாகக் குனிந்து உள்ளே பார்க்க வேண்டும். எதிரில் நிற்பவர் அங்கே ஒரு கண்ணாடியில் இடம் வலமாக மாறித் தெரிவார். அந்தக் குழப்பத்தில் இடது பக்கம் தள்ளச் சொல்வதற்குப் பதில் வலது பக்கம் தள்ளச் சொல்லி, எத்தனை மாப்பிள்ளைகளைப் பந்தலுக்கு வெளியே அனுப்பியிருக்கிறானோ அவனுக்கே தெரியாது. குளிர் ஏறினால் ஷட்டர் விறைத்துக்கொள்ளும். அதனால் பஸ்ஸில் போகும்போது அதைக் கோட்டுக்குள் வைத்து, பச்சைப்பிள்ளையைக் கொண்டுபோவது போலக் கொண்டுபோவான். ஏதோ பிள்ளைதான் என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்தவர்களும் உண்டு.

தோட்டத்துப் பக்கம் போனால் இன்னொரு தொந்தரவு. சிலோனிலிருந்து கப்பலேறிப் புதிதாக வந்தவர்களைப் படமெடுக்க இவன் குனிந்தால், எதிரில் நிற்கிறவர்களும் சேர்ந்து குனிவார்கள். கண்ணாடியில் முகம் இருக்காது, உச்சி வகிடுதான் தெரியும். தலையைத் தூக்குங்க, தலையைத் தூக்குங்க என்று கத்தியே அவன் தொண்டை போயிற்று. ஏன் குனிகிறார்கள் என்று அவன் ஒரு நாளும் யோசித்ததில்லை. கூச்சம் என்று விட்டுவிட்டான்.

கடைவீதியில் எதிர்வரிசைக்கு ஒரு புதுக்காரன் வந்து ஜப்பான் கேமராவோடு உட்கார்ந்ததிலிருந்து இந்தப் புலம்பல் உச்சத்துக்குப் போய்விட்டது. அதைக் கண்ணோடு ஒட்டவைத்து நிமிர்ந்தபடியே அடிக்கலாம். ஒரு ரோலில் முப்பத்தாறு படம். இவனுடையதில் பன்னிரண்டு. பன்னிரண்டு படத்தை வைத்துக்கொண்டு ஒரு கல்யாணத்தை முடிப்பது என்றால், அரைப்படி அரிசியில் ஊருக்கே பந்தி போடுகிற வேலை. தை மாதக் கல்யாணங்கள் முடிந்ததும் பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியது எடுத்துக்கொள்வதாகக் கோயமுத்தூர்க் கடைக்காரனிடம் பேசியே வைத்துவிட்டான்.

வேலாமணிக்கு அதில் சம்மதமில்லை. வேலாமணி அவன் மனைவி. நெகட்டிவில் கூர்ப்பென்சில் வைத்து அம்மைத் தழும்பையும் கன்னச் சுருக்கத்தையும் மறைக்கிற டச்சிங் வேலையெல்லாம் அவள் கைக்காரியம். "தோட்டத்துச் சனம் பூராவும் உங்களத்தானுங்க கூப்புடுது, அவனக் கூப்புடறதில்ல. ஏன்னு என்னிக்காச்சும் யோசிச்சீங்களா?" என்று கேட்டாள். "என்ற கைராசி அப்படி" என்று சொல்லிவிட்டு, கருப்புசாமி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

அந்தத் தையில்தான் பழனியாண்டி மகள் கல்யாணம் வந்தது. பழனியாண்டி கோத்தகிரிக்குக் கீழே அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர். சிலோனிலிருந்து வந்து இரண்டு மழைக்காலம் பார்த்தவர். மகள் ஆண்டாயிக்கு அதே தோட்டத்தின் கீழ் லயத்து வரிசைவீட்டு முத்துவேலைப் பேசி முடித்திருந்தார். அந்த மாதம் பார்த்துக் கோயமுத்தூரிலேயே ஃபிலிமுக்குத் தட்டுப்பாடு. கருப்புசாமியிடம் இருந்தது ஒரே ரோல். கல்யாண வீட்டிலோ லயத்துக்கு லயம் ஆட்கள் தலையைச் சீவிப் பவுடர் பூசிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. படம் எடுப்பவர்கள் யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள், நான் சொல்லிவிடுகிறேன். ஃப்ளாஷின் முதுகில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் கேமராவைத் தொடாமலேயே பளிச்சென்று வெளிச்சம் மட்டும் அடிக்கும். படம் விழாது, நிற்கிறவருக்கு மனசு நிறைந்துவிடும். பிறகு படம் கேட்டு வந்தால், நீங்க கண்ண மூடிட்டீங்க, அதான் பிரிண்ட் போடல என்று ஒரு வார்த்தை. எல்லாரும் வாழ்க்கையில் ஏதோ ஒரு சமயம் கண்ணை மூடியவர்கள்தானே, நம்பிவிடுவார்கள்.

அன்றைக்கு மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் காலையிலேயே கொஞ்சம் போட்டுக்கொண்டு, மாலையும் கழுத்துமாகத் திரும்பத் திரும்ப வந்து நின்றார். அவருக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் வெறும் ஃப்ளாஷ் அடிக்கலாம், பாவமே கிடையாது. கருப்புசாமி தாராளமாக அடித்தான். அவரும் ஒவ்வொரு முறையும் மீசையை முறுக்கிக்கொண்டார்.

மற்றவர்களைக் கும்பல் கும்பலாக நிறுத்தி எடுத்ததில், ரோலில் கடைசிப் படம் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் படியிறங்கிப் போவதை எடுக்க அதை வைத்திருந்தான். அப்போதுதான் சாம்பார் அண்டாவுக்குப் பின்னாலிருந்து தெய்வம்மா வந்தாள். ஐம்பதை நெருங்குகிற வயது, நல்ல தாட்டியான உடம்பு, மலைக்கு மலை கேட்கிற குரல். கொழுந்து பறிப்பதில் அவளை முந்த அந்தத் தோட்டத்தில் ஆள் இல்லை. கையைக் கழுவி, பக்கத்து வீட்டு மருதாயியிடம் இரவல் வாங்கிய கிளிப்பச்சைச் சேலையை நீவிவிட்டுக்கொண்டு, ஆண்டாயி பக்கத்தில் போய் விறைப்பாக நின்றாள். எனக்கும் ஒண்ணு புடிங்க ஐயா என்றாள்.

கருப்புசாமி ஒரு கணம் யோசித்தான். சமையலுக்கு ஒத்தாசைக்கு வந்த பொம்பிளை, யார் கேட்கப்போகிறார்கள்? ஃப்ளாஷைத் தூக்கிப் பொத்தானை அமுக்கினான். வெளிச்சம் அடித்தது. தெய்வம்மா நகரவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பிப் போய்ச் சாம்பாரைக் கிண்ட ஆரம்பித்தாள். அவன் கடைசிப் படத்தை நினைத்தபடியே எடுத்துவிட்டு, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்ந்தான்.

படங்களை வாங்கிப் போகப் பழனியாண்டி வந்தபோதுதான் வினை தொடங்கியது. படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவர் தெய்வம்மா சங்கதியை எடுத்தார்.

தெய்வம்மாவுக்கு ஒரே தங்கை, சின்னம்மை. இன்னும் சிலோனில்தான் இருக்கிறாள். பாஸ்போர்ட் வந்துவிட்டது. பங்குனிக்குள் கப்பல் ஏறாவிட்டால் பெரிய கரச்சலாகிவிடும். புருஷனும் பிள்ளைகளும் மூட்டை கட்டித் தயாராக இருக்க, அவள் மட்டும் வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். காரணம், போன ஐப்பசியில் தெய்வம்மா காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்த சேதி, கடலைத் தாண்டுவதற்குள் காதும் மூக்கும் வைத்து, கோத்தகிரிக் குளிரில் தெய்வம்மா விறைத்துச் செத்துவிட்டாள் என்றாகிவிட்டது. இல்லை, உயிரோடுதான் இருக்கிறேன் என்று கடுதாசி போட்டுப் பார்த்தாள். தெய்வம்மாவுக்கு எழுதத் தெரியாது, வேறொருவர் எழுதியது. செத்தவள் பேரில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், அக்காளை உருவத்தில் பார்க்காமல் நான் கப்பலில் கால் வைக்க மாட்டேன் என்று பதில் வந்தது. பழைய படத்தை அனுப்பி ஏமாற்றுவதும் நடக்காது. ஆண்டாயி சின்னம்மை தூக்கி வளர்த்த பிள்ளை. தாலியும் கழுத்துமாக அவள் பக்கத்தில் தெய்வம்மா நின்றால்தான் அது புதுப்படம் என்று நம்புவாள்.

கருப்புசாமி மேசைமேல் இருந்த படங்களை அடுக்கினான். "தெய்வம்மாக்கா படத்த நீங்க கேக்கவே இல்லீங்களே?" என்றான்.

"அதுவே சொல்லிருச்சுங்க. எம் படம் வராது, அங்க போயி கேக்காதீங்கன்னு" என்றார் பழனியாண்டி. எப்படித் தெரியும் என்று அவருக்கும் விளங்கவில்லை. சாமி கீமி சொல்லியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த வேலாமணி பென்சிலோடு வெளியே வந்தாள். வெறும் ஃப்ளாஷ் வித்தை அவளுக்குத் தெரியாததா என்ன. "கடலுக்கு அந்தப் பக்கம் அந்தம்மா செத்துப்போச்சுன்னு அழுதுட்டுக் கெடக்கறாங்க. நீங்க இங்க சும்மா வெளிச்சத்தக் காட்டிட்டு வந்துருக்கறீங்க" என்றாள். அதற்கு மேல் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அருவங்காடு வெடிமருந்து ஃபாக்டரியில் வேலை பார்க்கிற ஹரிதாஸிடம், மகனுடைய காதுகுத்துக்கென்று பத்திரமாக வைத்திருந்த ஒரு ரோல் இருந்தது. கருப்புசாமி போய்க் கெஞ்சிக் கூத்தாடி அதை வாங்கினான். காதுகுத்தை இலவசமாக எடுத்துத் தருவதாகச் சொன்ன பிறகுதான் மனுஷன் பீரோவையே திறந்தான்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போகிற வழியெல்லாம் பஸ்ஸில் ஒரு பொய்யைத் தயாரித்துக்கொண்டே போனான். ஃபிலிம் கழுவும்போது தண்ணீர் பட்டு அந்த ஒரு படம் மட்டும் கெட்டுவிட்டது, அதனால் இன்னொன்று எடுத்துத் தரலாம் என்று வந்தேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்ததில் அவனே பாதி நம்பிவிட்டான்.

பனி லயத்துக் கூரை வரைக்கும் இறங்கியிருந்தது. தெய்வம்மா தலையில் துண்டு, மேலே ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர் என்று அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். எழுந்து உட்காரப் பலகை போட்டாள், தேத்தண்ணி கொடுத்தாள். தொட்டுக்கொள்ளச் சீனியோடு பாண் ரொட்டி வைத்தாள். அவன் பொய்யைப் பாதி சொல்லுகிற வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள்.

"பொய் வேண்டாங்க ஐயா. ஃபிலிமு ஒண்ணும் நனையல. அன்னைக்கு நீங்க எனக்குத் தலை குனியல."

கருப்புசாமி தேத்தண்ணியைக் கீழே வைத்தான்.

"பந்தல்ல முழுநேரமும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். படம் புடிக்கிறப்பல்லாம் குனிஞ்சீங்க. மாப்பிள்ளையோட சித்தப்பனுக்கும் எனக்கும் மட்டும் நிமிந்துகிட்டே வெளிச்சத்தக் காட்டினீங்க. அந்தாளு குடிச்சிருந்தான், சரி. நான் என்னங்க பண்ணேன்?"

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. ஊர்க்கதை சொல்வது போலச் சொன்னாள். சிலோன் மலையில் அவர்கள் யார் யாருக்குத் தலை குனிந்தார்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள். விடியக்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் கங்காணிக்கு, கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளைக்கு, வழியில் துரை வந்தால் கூடையோடு ஓரத்தில் இறங்கித் துரைக்கு. துரை இல்லாமல் நாய் மட்டும் வந்தாலும் குனிந்து வைப்பார்களாம், பின்னால் துரை வருகிறாரோ என்னவோ என்று. அதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"எங்க முன்னால வந்து தலை குனிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான். அதப் பாக்கத்தான் லயத்துச் சனம் உங்களக் கூப்பிடுது. படம் அந்தப் புதுக்கடைக்காரரும் நல்லாத்தான் புடிப்பாராம்."

கைராசி என்று இத்தனை வருடம் காலரைச் சரிசெய்துகொண்டவன் மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே அப்போது. வெட்கம் பிடுங்கித் தின்றது. எங்கேயாவது தேயிலைச் செடிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளலாமா என்று இருந்தது. "தப்புத்தானுங் அக்கா" என்று மட்டும் சொன்னான். சரி, கேமராவ எடுங்க என்று அவள் எழுந்துவிட்டாள். அவ்வளவுதான் அவள் கோபம்.

அதற்கப்புறம் நடந்தது இரண்டாம் கல்யாணம். கீழ் லயத்திலிருந்து ஆண்டாயியைக் கூட்டிவர ஆள் ஓடியது. அவள் குழாயடியில் வாளியோடு நின்றவள், அப்படியே கூறைப்புடவையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். செடிக்கு மருந்தடித்துவிட்டு வந்த முத்துவேலை மாப்பிள்ளை வேஷத்தில் நிறுத்த, அவன் தும்மிக்கொண்டே நின்றான். பழனியாண்டி வாழைக்கன்று ஒன்றை வெட்டி வந்து வாசலில் கட்டினார். சித்தப்பாவுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை, எப்படியோ மோப்பம் பிடித்து அவரும் மாலையோடு வந்து சேர்ந்துவிட்டார். எல்லாம் சரி, அந்தக் கிளிப்பச்சைச் சேலை எங்கே? மருதாயி காலையில்தான் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். பனியில் அது சொட்டிக்கொண்டிருந்தது.

வேறு சேலை கட்டலாம், கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறமா தெரியப்போகிறது என்றார்கள். தெய்வம்மா கேட்கவில்லை. கிளிப்பச்சைதான் தங்கச்சிக்குப் பிடித்த நிறம் என்று ஈரச்சேலையைப் பிழிந்து கட்டிக்கொண்டாள். அதோடு விட்டாளா? தலைத்துண்டை அவிழ்த்தாள். இரண்டு ஸ்வெட்டரையும் கழற்றி மருதாயி கையில் கொடுத்தாள். குளிரில் விறைத்துச் செத்தவள் இல்லையா, குளிரே இல்லாத மாதிரி நின்றால்தானே தங்கை நம்புவாள்! வெறுங்கையோடு, அந்த மூடுபனியில், பெண் பக்கத்தில் போய்ச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

கருப்புசாமி கேமராவை வயிற்றோடு அணைத்து, மூடியைத் திறந்து, குனிந்தான். இதுவரை எத்தனையோ ஆயிரம் முறை குனிந்திருக்கிறான். குனிகிறோம் என்று தெரிந்து குனிந்தது அன்றைக்குத்தான் முதல்முறை. கண்ணாடியில் கிளிப்பச்சையும் அரக்குமாக இரண்டு பெண்கள் நின்றார்கள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்கக் கையை எடுத்தால் கேமரா ஆடும். அப்படியே குனிந்தபடி நின்றான். சந்தோஷமாகவும் இருந்தது, ஏன் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"போதுங்க தம்பி, நிமிருங்க. குளிருது" என்றாள் தெய்வம்மா. ஐயா எப்போது தம்பியானான் என்று அவன் கவனிக்கவில்லை.

"இன்னும் எடுக்கவே இல்லீங் அக்கா."

லயமே வெடித்துச் சிரித்தது. தெய்வம்மாவும் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் ஷட்டரை அமுக்கினான். பிறகு ரோல் தீரும் வரைக்கும் லயத்தில் இருந்த எல்லாரையும் எடுத்தான், சித்தப்பாவையும் சேர்த்து. அவருக்கும் குனிந்தே எடுத்தான்.

அன்று மாலையே ஃபிலிமைக் கழுவினான். மறுநாள் நெகட்டிவை விளக்கு முன்னால் வைத்துப் பார்த்த வேலாமணி கூப்பிட்டாள். பழைய கேமராவாக இருந்தாலும் அதன் நெகட்டிவ் உள்ளங்கை அகலம் இருக்கும், கண்ணும் படுகூர்மை. ஒன்றையும் விடாது. தெய்வம்மாவின் கை முழுக்க மயிர்க்கால்கள் குத்திட்டு, புள்ளி புள்ளியாக நிற்பது அப்படியே விழுந்திருந்தது. "குளிரே இல்லாத மாதிரி நின்னாங்கன்னு சொன்னீங்க? இங்க பாருங்க. பென்சில் வெச்சு எடுத்துரட்டுங்களா?" என்றாள்.

எடுத்துவிடச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். பிறகு யோசித்தான். ஏற்கெனவே அந்த அம்மாவிடம் ஒரு பொய்யை வெளிச்சம் போட்டுக் காட்டியாயிற்று, இன்னொன்று எதற்கு? "வேண்டாம், இருக்கறபடியே இருக்கட்டும். அவங்க படத்துல கை வெக்காத" என்றான். படம் அப்படியே கடல் கடந்தது.

பங்குனி பிறந்து ஓடிக்கொண்டிருந்தது. தோட்டத்திலிருந்து யார் கடைவீதிக்கு வந்தாலும் கருப்புசாமி கடையை விட்டு இறங்கி வந்து, சேதி உண்டா என்று கேட்பான். இல்லை என்பார்கள். புள்ளி புள்ளியாக நின்ற அந்தக் கையை நினைத்து அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அதைப் பார்த்துப் பயந்துவிட்டாளோ? பேசாமல் வேலாமணியை எடுத்துவிடச் சொல்லியிருக்கலாமோ? இதற்கு நடுவில் கோயமுத்தூர்க் கடைக்காரன் புதுக் கேமரா வந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினான். வேண்டாம் என்று பதில் போயிற்று. காரணம் கேட்டதற்கு, நிமிர்ந்து எடுத்தால் கழுத்து வலிக்கிறது என்று சொல்லிவிட்டான்.

சித்திரையில் ஒரு மத்தியானம் ஸ்டூடியோ வாசலில் மலைக்கு மலை கேட்கிற குரல் கேட்டது. ஒன்றல்ல, இரண்டு. தெய்வம்மா முன்னால் வந்தாள். அவள் பின்னால் இரண்டு கம்பளிகளுக்கு நடுவில் ஒரு முகம் மட்டும் வந்தது. ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் கேம்ப்பில் இருந்துவிட்டு, அன்றைக்குத்தான் பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறாள். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தன.

சின்னம்மை சுருக்குப்பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். "நீங்கதானே இதப் புடிச்சது? இவ கையப் பாத்தேன். மயிரு பூரா குத்திக்கிட்டு நிக்கிது. செத்தவளுக்குக் குளிருமா? அப்பவே அவருக்கிட்ட கப்பலுக்குச் சொல்லிரச் சொன்னேன். கம்பளியும் ரெண்டா வாங்கச் சொன்னேன்" என்றாள். பிறகு அக்காளைத் திரும்பிப் பார்த்து, குளிராதாம், வெறுங்கையோட நிக்கிறாளாம், எனக்கிட்டயே நடிக்கிறா என்று முதுகில் ஓர் அடி வைத்தாள். அடித்த கையாலேயே கட்டிக்கொண்டு அழுதாள். வேலாமணியும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

அழுது முடித்ததும் இரண்டு பேரையும் சேர்த்து ஒரு படம் எடுக்க வேண்டும் என்றாள் தெய்வம்மா. கருப்புசாமி கேமராவை மாட்டினான். மூடியைத் திறந்து, இரண்டு பெண்களுக்கும் முன்னால் தலையைக் குனிந்தான்.

கண்ணாடியில் தெய்வம்மாவின் முகம் தெரிந்தது. பக்கத்தில் கம்பளிக்கு மேலே ஓர் உச்சி வகிடு மட்டும் தெரிந்தது. இவன் குனிந்ததைப் பார்த்ததும் சின்னம்மையும் குனிந்துவிட்டாள்.

கருப்புசாமி கத்தவில்லை. குனிந்த தலையைத் தூக்காமல் அப்படியே காத்திருந்தான்.

"நீ எதுக்குடி குனியிற? நிமிந்து நில்லு. இங்க அவருதான் குனியணும்" என்றாள் தெய்வம்மா.

கண்ணாடிக்குள் வகிடு மெல்ல மேலே போயிற்று. நெற்றி வந்தது, கண் வந்தது, பிறகு முகம் முழுக்க வந்தது. அவன் ஷட்டரை அமுக்கினான்.